மின்னூலுக்கும் வாசற்படி உண்டு!

(மூன்றாம் ஆண்டு மாணவன், அச்சுத் தொழில்நுட்பப் பிரிவு)



ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தவுடன் நாம் என்ன செய்கிறோம்? அட்டையைப் பார்க்கிறோம். நாலைந்து தாளைச் சர்ரென்று தள்ளுகிறோம். நேராக முதல் பாடத்துக்குப் போய்விடுகிறோம். தள்ளிய தாள்களில் என்ன இருந்தது என்று கேட்டால், "அதையெல்லாம் யாருப்பா படிக்கிறாங்க?" என்பதுதான் நம்மில் பலருடைய பதில்.

அந்தத் தள்ளிவிட்ட தாள்களைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. அவற்றை மின்னூலில் எப்படி அமைத்தால், கண் தெரிந்தவரும் தெரியாதவரும் ஒரே மாதிரி பயன்படுத்த முடியும் என்பதை எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன். இது அச்சுப் பிரிவுக்காரன் சமாச்சாரம்தானே என்று பக்கத்தைத் தள்ளிவிட வேண்டாம். புராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு டைட்டில் பக்கம் போடாத டிப்ளமோ மாணவன் உண்டா என்ன?

முன்பக்கங்கள் என்பவை யாவை?

பாடம் தொடங்குவதற்கு முன் வரும் எல்லாமே முன்பக்கங்கள்தான். வழக்கமான வரிசை இது: முதலில் நூலின் பெயர் மட்டும் உள்ள ஹாஃப் டைட்டில். அடுத்து நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம் எல்லாம் உள்ள தலைப்புப் பக்கம். அதன் பின்புறத்தில் பதிப்புரிமைப் பக்கம். பிறகு சமர்ப்பணம், பொருளடக்கம், பதிப்புரை, அணிந்துரை, முன்னுரை, நன்றியுரை. பதிப்பகத்துக்குப் பதிப்பகம் வரிசை கொஞ்சம் மாறும்.

பழைய நூல்களில் இந்தப் பக்கங்களுக்கு மட்டும் ரோமன் எண்கள் போட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது வெறும் அழகுக்காக இல்லை. புத்தகத்தின் உள்பகுதியை முதலில் கோத்து, 16 பக்க ஃபாரங்களாக அச்சிட்டுவிடுவார்கள். அணிந்துரை எழுதுகிறவர் எழுதித் தருவதும், பொருளடக்கத்துக்குப் பக்க எண் கிடைப்பதும் கடைசியில்தான். அப்போது முன்னால் எத்தனை பக்கம் சேர்ந்தாலும் உள்ளே இருக்கும் 1, 2, 3 கெடக்கூடாதல்லவா? அதனால்தான் முன்பக்கங்களுக்குத் தனி எண் வரிசை.

ஹாஃப் டைட்டிலுக்கும் இப்படி ஒரு காரணம் உண்டு. பைண்டிங்குக்குப் போகும்வரை அச்சடித்த தாள்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். மேல்தாள் அழுக்காகும், கிழியும். உண்மையான தலைப்புப் பக்கம் கெடாமல் காப்பதற்கு அதன்மேல் ஒரு தாள் தேவைப்பட்டது.

இவற்றை ஏன் சொல்கிறேன் என்றால், முன்பக்கங்களில் சில வழக்கங்கள் தாளுக்காக வந்தவை. சில வாசகனுக்காக வந்தவை. மின்னூல் செய்யும்போது இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். தாளுக்காக வந்தது தாளோடு போகலாம். வாசகனுக்காக வந்தது போகக்கூடாது.

காது எப்படிப் படிக்கிறது?

கண்ணால் படிப்பவருக்கு ஒரு வசதி உண்டு. பெரிய எழுத்தில் நடுவில் இருந்தால் நூலின் பெயர், கீழே இருந்தால் பதிப்பகம், பொடி எழுத்தில் நெருக்கமாக இருந்தால் உரிமை சம்பந்தப்பட்ட விவரம் என்று ஒரே பார்வையில் புரிந்துகொள்கிறார். வேண்டாததை ஒரே தள்ளில் தாண்டிவிடுகிறார்.

பார்வையற்ற வாசகர் திரைவாசிப்பான் மூலம் படிக்கிறார். கம்ப்யூட்டரில் என்.வி.டி.ஏ. என்ற இலவச மென்பொருள் 2006 முதல் வளர்ந்து வருகிறது. ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் இருக்கிறது. இரண்டிலும் தமிழ்க் குரல் கிடைக்கிறது. ஆனால் குரல் ஒரு நேர்கோட்டில்தான் போகும். எழுத்தின் சைஸ், நடுவில் இருக்கிறதா, ஓரத்தில் இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குப் பொருட்டில்லை. "இது தலைப்பு", "இது அணிந்துரை", "இங்கே பாடம் ஆரம்பம்" என்று ஃபைலுக்குள் எழுதி வைத்திருந்தால்தான் அது சொல்லும். எழுதி வைத்திருந்தால் வாசகர் ஒரே விசையில் தலைப்புவிட்டுத் தலைப்பு தாவலாம். என்.வி.டி.ஏ.வில் ஹெச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்பு. 1 என்ற விசையை அழுத்தினால் அடுத்த முதல்நிலைத் தலைப்பு. எழுதி வைக்கவில்லை என்றால் வாழ்த்துரை, பதிப்புரை, அணிந்துரை எல்லாவற்றையும் வரிவரியாகக் கேட்டுத் தீர்க்க வேண்டியதுதான்.

சுருக்கமாகச் சொன்னால், கண்ணுக்கு இடமும் அளவும் செய்கிற வேலையைக் காதுக்கு டேக் செய்ய வேண்டும்.

"சரி, அப்படின்னா முன்பக்கத்தையே வெட்டிடலாமே?"

இப்படித்தான் ஒருவர் நினைத்திருக்கிறார். அதனால் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் நண்பன் ஒருவனுக்கு மிகக் குறைந்த பார்வை. மாடர்ன் ஆபீஸ் பிராக்டிஸ் படிக்கிறான். ஒரு பாடப்புத்தகத்தை ஸ்கேன் செய்து, எழுத்தாக மாற்றி, அவனுக்கு ஒரு இடத்தில் தந்தார்கள். நல்ல மனசோடுதான் செய்தார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் "கேட்கிறவருக்கு இதெல்லாம் தொந்தரவு" என்று முதல் பத்துப் பக்கங்களை எடுத்துவிட்டார்கள். நேராக முதல் யூனிட்டில் ஆரம்பித்தது ஃபைல்.

அவனும் செமஸ்டர் முழுக்க அதைக் கேட்டுக் கேட்டுப் படித்தான். போர்டு எக்ஸாமுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒன்றாக உட்கார்ந்து படித்தோம். என் புத்தகத்தில் இருக்கும் நான்காவது யூனிட் அவனிடம் இல்லை. அவனிடம் இருந்தது பழைய ஸ்கீமுக்கு எழுதிய பதிப்பு. எந்த ஆண்டு, எந்தப் பதிப்பு, எந்த ஸ்கீம் என்பதெல்லாம் பதிப்புரிமைப் பக்கத்திலும் முன்னுரையிலும் தெளிவாக அச்சாகியிருக்கிறது. அந்தப் பக்கங்கள்தான் அவனுக்குப் போகவே இல்லையே!

அந்த இரண்டு வாரத்தில் புது யூனிட்டை நான் வாசிக்க, அவன் கேட்டுப் படித்தான். பாஸும் ஆனான். ஆனால் அன்று அவன் சொன்னதுதான் எனக்கு இன்னமும் மறக்கவில்லை. "மச்சான், முன்னுரை எனக்கு வேணுமா வேண்டாமான்னு நான்தானேடா முடிவு பண்ணணும்? உனக்குத் தள்ளிட்டுப் போற உரிமை இருக்கு. எனக்கும் அதே உரிமைதான் வேணும். என் சார்பா இன்னொருத்தர் தள்ளிவிடக் கூடாது."

முன்பக்கங்களைப் பற்றி எத்தனை விதிமுறைகள் படித்தாலும் சாரம் இதுதான். எதையும் மறைக்காதே; எதையும் திணிக்காதே. முழுவதையும் கொடு, தாண்டிப் போகும் வழியையும் கொடு.

மின்னூலின் உள்ளே என்ன இருக்கிறது?

இன்று உலகமெங்கும் பரவலாக உள்ள மின்னூல் வடிவம் ஈபப். இந்தப் பெயரில் 2007-ல் வந்தது. மூன்றாம் பதிப்பு 2011-ல் வந்தது. பார்வையற்றோருக்கான பேசும் நூல்களுக்காக 1996-ல் தொடங்கிய டெய்சி கூட்டமைப்பின் அனுபவம் இதில் நிறையச் சேர்ந்திருக்கிறது. 2017 முதல் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ-3-சி அமைப்பே இதையும் கவனித்து வருகிறது. 2023 மே மாதத்தில் ஈபப் 3.3 என்ற தரமும், அதோடு சேர்த்து ஈபப் அணுகல்தன்மை 1.1 என்ற தரமும் வெளியாயின.

பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஈபப் ஃபைல் என்பது ஒரு ஜிப் கட்டுதான். பிரித்துப் பார்த்தால் உள்ளே நாம் லேபில் போடும் வெப் பக்கங்கள் மாதிரியே எக்ஸ்.ஹெச்.டி.எம்.எல். பக்கங்கள் இருக்கும். அழகுக்கு சி.எஸ்.எஸ். இருக்கும். நூலின் விவரங்களையும் பக்கங்களின் வரிசையையும் சொல்லும் ஒரு ஃபைல், பொருளடக்கத்துக்கான ஒரு வழிகாட்டி ஃபைல், அவ்வளவே. சிகில் என்ற இலவச எடிட்டரில் திறந்தால் எல்லாம் தெரியும்.

(ஒரு குறிப்பு: டேக் பெயர்களை இங்கே உச்சரிப்பில்தான் தருகிறேன். கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.)

தலைப்புப் பக்கம் அமைக்கும் முறை

ஒரு நூலை உதாரணமாக வைத்துக்கொள்வோம். மாயூரம் ச. வேதநாயகம் பிள்ளை எழுதிய பிரதாப முதலியார் சரித்திரம் 1879-ல் வெளியானது. ஆசிரியர் மறைந்தது 1889. நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரைதான் பதிப்புரிமை. ஆகவே யாரும் தடையின்றி மின்னூலாக்கலாம். அதன் தலைப்புப் பக்கத்தை நாம் அமைப்பதாகக் கொள்வோம்.

1. படமாகப் போடக்கூடாது. டிசைன் சாஃப்ட்வேரில் அழகாகச் செய்து, படமாக்கி, அப்படியே ஒட்டுவது சுலபம். ஆனால் திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம்தான். எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கும் குறைபார்வை வாசகருக்கும் மங்கலாகத் தெரியும். எழுத்து எழுத்தாகவே இருக்க வேண்டும்.

2. நூலின் பெயர் ஒரே ஒரு ஹெச்1-க்குள் வர வேண்டும். "பிரதாப முதலியார்" ஒரு வரி, "சரித்திரம்" ஒரு வரி என்று அழகுக்காக உடைப்பீர்கள். அதற்காக இரண்டு ஹெச்1 போட்டால் குரல் இரண்டு தனித்தலைப்புகளாகச் சொல்லும். தலைப்பு ஒன்றே, வரியை உடைக்கும் வேலையை சி.எஸ்.எஸ். பார்த்துக்கொள்ளட்டும்.

3. துணைத்தலைப்புக்கு ஹெச்2 வேண்டாம். பெயருக்குக் கீழே "தமிழின் முதல் நாவல்" என்று ஒரு வரி சேர்க்கிறோம் என்று வையுங்கள். சிறிய தலைப்பு போலத் தெரிகிறதே என்று ஹெச்2 போட்டால், அங்கே ஒரு புதிய பகுதி தொடங்குவதாகத் தலைப்புப் பட்டியலில் சேர்ந்துவிடும். சாதாரணப் பத்தியாகப் போட்டு, ரோல் என்ற இடத்தில் டாக்-சப்டைட்டில் என்று குறித்தால் போதும்.

4. ஆசிரியர் பெயரும் பதிப்பகப் பெயரும் தலைப்புகள் அல்ல. அவையும் பத்திகளே. பெரிய எழுத்து வேண்டுமா? சி.எஸ்.எஸ்.ஸில் கொடுங்கள். பெரிய எழுத்துக்காக ஹெச்3, ஹெச்4 போடுவது, மேடைக்கு உயரம் போதவில்லை என்று லைப்ரரி புத்தகங்களை அடுக்கி அதன்மேல் ஏறி நிற்பது போல.

5. பதிப்பகச் சின்னத்துக்கு மாற்று உரை. சின்னம் மட்டும் இருந்தால் மாற்று உரையில் பதிப்பகத்தின் பெயரை எழுதுங்கள். கீழேயே பெயர் எழுத்தில் இருந்தால் மாற்று உரையைக் காலியாக விடுங்கள். இல்லையென்றால் ஒரே பெயரை இரண்டு தடவை சொல்லும். கொடி, பூ, கோடு போன்ற அலங்காரங்களுக்கும் காலி உரையே சரி. காலியாக விடுவது வேறு, அந்த இடத்தையே எழுதாமல் விடுவது வேறு. எழுதாமல் விட்டால் சில மென்பொருள்கள் படத்தின் ஃபைல் பெயரைப் படித்து வைக்கும்.

6. ஹாஃப் டைட்டில். அட்டை, ஹாஃப் டைட்டில், தலைப்புப் பக்கம் என்று மூன்று இடத்தில் நூலின் பெயர் வந்தால் காதால் படிப்பவர் மூன்று தடவை கேட்க வேண்டும். முன்பே சொன்னபடி அது தாளைக் காக்க வந்தது. மின்னூலில் விட்டுவிடலாம். அச்சுப் பக்க எண்ணுக்காக வைத்தே ஆக வேண்டும் என்றால், அதில் ஹெச்1 போடாமல் பத்தியாக வையுங்கள்.

பக்கத்துக்குப் பக்கம் என்ன பெயர்?

ஈபப்-டைப் என்று ஒரு குறிப்பு உண்டு. டைட்டில்பேஜ், காப்பிரைட்-பேஜ், ஃப்ரன்ட்மேட்டர், பாடிமேட்டர் என்றெல்லாம் அதில் பெயர் கொடுக்கலாம். மின்னூல் மென்பொருளுக்கும் பதிப்பகத்தாருக்கும் அது பயன்படும். ஆனால் திரைவாசிப்பானின் காதுக்கு அது எட்டாது. எட்டுவது ரோல் என்ற குறிப்பு. அணிந்துரைக்கு டாக்-ஃபோர்வேர்ட், ஆசிரியரின் முன்னுரைக்கு டாக்-ப்ரிஃபேஸ், நன்றியுரைக்கு டாக்-அக்னாலெட்ஜ்மென்ட்ஸ், சமர்ப்பணத்துக்கு டாக்-டெடிகேஷன் என்று ரோல்கள் இருக்கின்றன. தலைப்புப் பக்கத்துக்கு அப்படி ஒரு ரோல் கிடையாது. அதனால்தான் அங்கே ஹெச்1 சரியாக இருப்பது இரட்டிப்பு முக்கியம். பதிப்புரைக்கு ஒரு சாதாரண செக்ஷனும், "பதிப்புரை" என்ற தலைப்பும் இருந்தால் போதும்.

சமர்ப்பணத்தில் ஒரு நுணுக்கம். "என் அம்மாவுக்கு" என்று ஒரே வரி நடுப்பக்கத்தில் இருக்கும். சுற்றியுள்ள வெற்றிடத்தைப் பார்த்தே இது சமர்ப்பணம் என்று கண் புரிந்துகொள்ளும். காதுக்கு வெற்றிடம் கேட்காது. பதிப்புரிமை விவரத்தை அடுத்துத் திடீரென்று "என் அம்மாவுக்கு" என்று வந்தால், யாருடைய அம்மா, எதற்கு என்று விழிக்க வேண்டியதுதான். ஏரியா-லேபிள் என்ற இடத்தில் "சமர்ப்பணம்" என்று எழுதிவிட்டால், பக்கத்தின் அழகும் கெடாது, குரலும் சொல்லிவிடும்.

பதிப்புரிமைப் பக்கத்தை எல்லோரும் பொடி எழுத்தில், வெளிர்சாம்பல் நிறத்தில் போடுகிறார்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு 4.5-க்கு 1 என்ற விகிதத்துக்குக் குறையக்கூடாது என்பது விதி. முதல் பதிப்பு எந்த ஆண்டு, இது எத்தனையாவது பதிப்பு, ஐ.எஸ்.பி.என். என்ன என்பதைத் தனித்தனி வரிகளாக, "முதல் பதிப்பு: 1879" என்பது போலப் பெயரோடு சேர்த்து எழுதுங்கள். அச்சு நூலின் ஐ.எஸ்.பி.என். வேறு, மின்னூலின் ஐ.எஸ்.பி.என். வேறு, இரண்டும் இருந்தால் எது எது என்று குறிப்பிடுங்கள். சில பதிப்பகங்கள் இந்தப் பக்கத்தை நூலின் கடைசியில் வைக்கின்றன. அதில் தவறில்லை. பொருளடக்கத்தில் அதற்கு ஒரு இணைப்பு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பொருளடக்கமும் பக்க எண்களும்

அச்சில் "முதல் அத்தியாயம்......... 7" என்று புள்ளி வைப்போம். மின்னூலில் அந்தப் புள்ளிகளை அடித்து வைத்தால் சில குரல்கள் "டாட் டாட் டாட்" என்று ஓதத் தொடங்கிவிடும். புள்ளிகளை எடுத்துவிட்டு ஒவ்வொரு வரியையும் இணைப்பாக்குங்கள். முன்பக்கங்களையும் பட்டியலில் சேருங்கள். அணிந்துரையைத் தாண்டவும் முடிய வேண்டும், வேண்டும்போது திரும்பிப் போகவும் முடிய வேண்டும்.

வழிகாட்டி ஃபைலில் லேண்ட்மார்க்ஸ் என்றொரு சிறு பட்டியல் உண்டு. அதில் பொருளடக்கம் எங்கே, நூலின் உள்பகுதி எங்கே தொடங்குகிறது என்ற இரண்டு இணைப்புகளாவது இருக்கட்டும். "நேரா பாடத்துக்குப் போ" என்ற கதவு அதுதான்.

அச்சு நூலின் பக்க எண்களையும் உள்ளே குறித்து வைக்கலாம். வகுப்பில் சார் "எல்லோரும் 42-ம் பக்கம் எடுங்க" என்றால் மின்னூல் வைத்திருப்பவரும் எடுக்க வேண்டுமே! முன்பக்கங்களுக்கு ரோமன் எண் இருந்தால் அதையே தர வேண்டும். நாமாக 1 முதல் மாற்றி எண்ணக்கூடாது. எந்த அச்சுப் பதிப்பின் பக்க எண்கள் இவை என்பதையும் நூல் விவரத்தில் சொல்லிவிட வேண்டும்.

தமிழுக்கென்றே உள்ள சில சிக்கல்கள்

முதலாவது, மொழிக் குறிப்பு. ஒவ்வொரு பக்கத்தின் தொடக்கத்திலும் லாங் என்ற இடத்தில் தமிழுக்கான இரண்டெழுத்துக் குறி இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆங்கிலக் குரலே தமிழைப் படிக்க முயன்று உளறும், அல்லது விழுங்கிவிடும். தலைப்புப் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தால் அந்த வரிக்கு மட்டும் ஆங்கிலக் குறி கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, எழுத்துரு. யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991-ல், தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. தமிழக அரசும் 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆனால் பல டி.டி.பி. சென்டர்களில் பழைய எழுத்துருக்கள் இன்னும் ஓடுகின்றன. பாமினி எழுத்துருவில் "தமிழ்" என்று அடித்தால் திரையில் தமிழ் தெரியும். ஃபைலுக்குள் இருப்பதோ ஜே, கே, பி, ஓ, செமிகோலன் என்ற ஆங்கிலக் குறிகள். திரைவாசிப்பான் அதைத்தான் படிக்கும். தமிழ் என்ற சொல்லே தமிழாகக் கேட்காது! உள்பகுதியை யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, "டைட்டில் மட்டும் அழகா இருக்கட்டும்" என்று தலைப்பைப் பழைய எழுத்துருவில் விட்டுவிடும் வழக்கமும் உண்டு. நூலின் பெயரே தெரியாமல் நூலைப் படிக்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

மூன்றாவது, இடைவெளி. தலைப்பை அகலமாக்க எழுத்துக்கு எழுத்து ஸ்பேஸ் தட்டுவோம். "ச ரி த் தி ர ம்" என்று அடித்தால் குரலும் ஒவ்வொரு எழுத்தாகத்தான் வாசிக்கும். சொல்லை ஒன்றாக அடித்து, இடைவெளியை சி.எஸ்.எஸ்.ஸில் கொடுங்கள்.

நான்காவது, தமிழ் எண்கள். பழைய நூல்களில் ஆண்டைத் தமிழ் எண்களில் போட்டிருப்பார்கள். நகலெடுக்கும்போது ௧௮௭௯ என்று அப்படியே வைத்தால் எல்லாக் குரல்களும் அதை ஆண்டாகப் படிக்கும் என்று நம்பியிருக்க முடியாது. பதிப்பு விவரத்தில் 1879 என்றும் ஓரிடத்தில் எழுதிவிடுவது நல்லது.

திறக்கும் முன்பே தெரிய வேண்டியவை

நூலைத் திறப்பதற்கு முன்பே, பட்டியலில் அதன் பெயர் கேட்க வேண்டும். அதற்குத்தான் மெட்டாடேட்டா. நூற்பெயர், ஆசிரியர், மொழி, அடையாள எண் ஆகியவை அதில் இருக்க வேண்டும். எத்தனையோ ஃபைல்கள் "அன்டைட்டில்ட்" என்ற பெயரிலேயே சுற்றுகின்றன. போனில் அப்படிப் பத்து ஃபைல் இருந்தால் எது எந்தப் பாடம் என்று ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

அத்துடன், நூலைப் படிக்க எழுத்து மட்டும் போதுமா, படத்துக்கு மாற்று உரை இருக்கிறதா, கண்ணைக் கூசவைக்கும் ஒளிச்சிமிட்டல் ஏதும் உள்ளதா போன்ற அணுகல் விவரங்களையும் அதில் சொல்லலாம். ஒரே நிபந்தனை, உண்மையைச் சொல்ல வேண்டும். மாற்று உரை எழுதாமலேயே "இருக்கிறது" என்று டிக் அடித்தால் சாம்பார் இல்லாத ஹோட்டலில் "சாம்பார் ரெடி" என்று போர்டு வைத்த கதைதான்.

சோதித்துப் பாருங்கள்

ஈபப்செக் என்ற கருவி ஃபைலின் கட்டமைப்பு சரியா என்று பார்க்கும். டெய்சி கூட்டமைப்பின் ஏஸ் என்ற கருவி அணுகல் குறைகளைப் பட்டியலிடும். இரண்டும் இலவசம். ஆனால் மாற்று உரை இருக்கிறதா என்று கருவி சொல்லும். அது அர்த்தமுள்ளதா என்று சொல்லாது. "படம் 1" என்று எழுதினாலும் பாஸ் போட்டுவிடும்.

ஆகவே கடைசிச் சோதனை நம் காதுதான். தோரியம் ரீடர் என்ற இலவச மென்பொருளில் நூலைத் திறந்து, என்.வி.டி.ஏ.வை ஓடவிட்டு, மானிட்டரை அணைத்துவிடுங்கள். மூன்று கேள்விகளுக்கு விடை கிடைக்கிறதா பாருங்கள். இது என்ன நூல், யார் எழுதியது? இது எந்தப் பதிப்பு? முதல் பாடத்துக்கு எப்படிப் போவது? மூன்றுக்கும் தடுமாறாமல் விடை கிடைத்தால் உங்கள் முன்பக்கங்கள் பாஸ். ஒன்றில் தடுமாறினாலும் அரியர்தான்!

இது தயவு அல்ல, உரிமை

நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் ஒரு திருத்தம் வந்தது. மாற்றுத்திறனாளிகள் படிக்கக்கூடிய வடிவத்தில் நூலை மாற்றித் தருவதற்கு அது இடம் கொடுக்கிறது. 2013-ல் மொராக்கோ நாட்டின் மராகேஷ் நகரில் இதற்கான உலக ஒப்பந்தம் உருவானது. 2014-ல் அதற்கு உலகிலேயே முதலில் ஒப்புதல் அளித்த நாடு இந்தியா. 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டில் சுகம்ய புஸ்தகாலயா என்ற மின்னூலகமும் தொடங்கப்பட்டது. சட்டம் கதவைத் திறந்துவிட்டது. வாசற்படியைக் கட்ட வேண்டியது புத்தகம் செய்கிற நம் கை.

நிறைவாக ஒரு வேண்டுகோள். நம் ஆண்டு மலரையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் முதல்வரின் வாழ்த்து, துறைத்தலைவர்களின் வாழ்த்து, பேரவை ஆலோசகரின் வாழ்த்து. பிறகு செயலாளர் அறிக்கை, பொருளாளர் அறிக்கை. நடுநடுவே ஜவுளிக்கடை, ஜெராக்ஸ் கடை, டூ வீலர் ஒர்க்‌ஷாப் விளம்பரங்கள். அதெல்லாம் முடிந்த பிறகுதான் முதல் கவிதையே! இத்தனை நீள முன்பக்கம் எந்தப் பெரிய பதிப்பகத்தின் நூலிலும் இருக்காது. வாழ்த்து எழுதியவர்களை வெட்டச் சொல்லவில்லை. வெட்டினால் அடுத்த செமஸ்டரில் நம் கதி என்னாகும் என்று எல்லோருக்கும் தெரியும்! ஒவ்வொரு வாழ்த்துக்கும் ஒரு தலைப்பு, பொருளடக்கத்தில் ஓர் இணைப்பு, விளம்பரப் படங்களுக்குக் கடையின் பெயரோடு மாற்று உரை, "படைப்புகளுக்குச் செல்க" என்று ஒரு லேண்ட்மார்க். இவ்வளவு செய்தால் போதும்.

அடுத்த ஆண்டு மலர் அச்சிலும் வரட்டும், ஈபப்பிலும் வரட்டும். அச்சுப் பிரிவும் கம்ப்யூட்டர் பிரிவும் சேர்ந்தால் ஒரு வாரத்து வேலை. முதல் பிரதியை என் நண்பனிடம் கொடுப்போம். அவன் முதல்வர் வாழ்த்தைக் கேட்பானோ, தாண்டிக் கவிதைக்குப் போவானோ, அது அவன் இஷ்டம்.

மாணவர் ஒற்றுமை ஓங்குக!